ராமானுஜனைத் தோற்கடித்த விதி, தூக்கிவிட்ட விதி

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் இருக்கிறான். கணக்கில் அவன்தான் முதல் மார்க். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு அரியர். போன செமஸ்டரோடு அவனுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிட்டது. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "ரூல் அப்படித்தான் தம்பி" என்று ஒரே வரியில் பதில். இப்போது மாலையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கல்லூரிக்கு வருகிறான்.

"ராமானுஜனுக்கே இதுதானே நடந்தது" என்று அவனைத் தேற்றினேன். தேற்றிய பிறகுதான், அந்தக் கதை எனக்கே முழுதாகத் தெரியாது என்று உறைத்தது. தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1904ல் ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டு வருடம் படிக்க வேண்டிய படிப்பு அது. அதைத் தாண்டினால்தான் பி.ஏ. பள்ளியில் நன்றாகப் படித்ததால் உதவித்தொகையோடுதான் உள்ளே போனார். ஆனால் எஃப்.ஏ.வில் கணக்கு மட்டும் கிடையாது. ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல் எல்லாவற்றிலும் தேற வேண்டும். இவரோ எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று.

அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். சம்பளம் மாதம் இருபது ரூபாய் அளவில்தான். கல்லூரிச் சம்பளம் கட்ட வழியில்லை. தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரில் பார்த்துக் கேட்டதாகச் சொல்வார்கள். பலன் இல்லை. 1905ல் பையன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார்!

1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் இன்னொரு முயற்சி. உடம்பு சரியில்லாமல் இடையில் விட நேர்ந்தது. அந்த வருடக் கடைசியில் தேர்வு எழுதினார், தோல்வி. 1907ல் மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. உடலியலில் வாங்கிய மார்க் படுமோசம். அதோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முதல்வரோ, விடைத்தாளைத் திருத்தியவர்களோ கெட்டவர்கள் இல்லை. விதி சொன்னதைச் செய்தார்கள். எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்ற விதியும் முட்டாள்தனமானது அல்ல. அது நூறு பேருக்காகப் போட்ட விதி. நூற்றியோராவது ஆளை என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சில வருடங்கள் அவரைத் தாங்கியது எந்தக் கல்லூரியும் அல்ல, தனி மனிதர்கள்தான். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசுவாமி ஐயர், மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவிய நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று ஒரு வரிசை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்குப் புதிதாக இருந்தது இதற்கு அடுத்த பகுதி.

1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் வேறு வேலையாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார். உடனே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் இவர் சில வருடம் கணக்கு மட்டும் போட வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். மார்ச் 19ல் கணிதப் பாடக்குழு கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது.

ஏப்ரல் 7ல் விஷயம் சிண்டிகேட்டுக்குப் போனது. அங்கே அதே பழைய சுவர். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்பது விதி. இவரோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர்! எதிர்ப்பு வந்தது. அப்போது ஓர் உறுப்பினர் பல்கலைக்கழகச் சட்டத்தையே எடுத்துப் பேசினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமைகளில் ஒன்று என்று சட்டமே சொல்கிறதே, பிறகென்ன தடை என்று கேட்டார். உதவித்தொகை நிறைவேறியது.

விதியை யாரும் கிழித்துப் போடவில்லை பாருங்கள். சின்ன விதிக்கு மேலே இருந்த பெரிய விதியை எடுத்துப் படித்தார்கள். போட்ட நிபந்தனையும் எளிமையானது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். ராமானுஜன் அப்படி மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மாநிலக் கல்லூரி வகுப்புகளுக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போய்வர முடிந்தது.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1914ல் இங்கிலாந்து போக இதே பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் கொடுத்தது. கேம்பிரிட்ஜிலும் ஆராய்ச்சி மாணவராகச் சேர ஒரு பட்டமோ சான்றிதழோ வேண்டும். இவருக்காக அதைத் தளர்த்தினார்கள். 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918ல் எஃப்.ஆர்.எஸ். 1920 ஏப்ரல் 26ல் இறந்தபோது வயது 32.

கல்லூரிக்கு வெளியே அலைந்த அந்த வருடங்களை ஹார்டி பின்னாளில் மிகவும் நொந்துகொண்டார். சீக்கிரம் இறந்ததைவிட, கற்க வேண்டிய வயதில் வழிகாட்ட ஆளில்லாமல் போனதுதான் பெரிய இழப்பு என்பது அவர் கருத்து. 1904ல் கும்பகோணத்தில் ஒருவர் விதிப்புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் ஒன்பது வருடம் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1913ல் பல்கலைக்கழகம் அசைந்தது, வாக்கர் மாதிரி பெரிய ஆள் கடிதம் எழுதியதால்தான். அப்படி யாரும் எழுதித் தராத பையன்கள் எத்தனை பேர் அதே எஃப்.ஏ.வில் தவறி வீட்டுக்குப் போயிருப்பார்கள்? அவர்கள் எல்லாரும் ராமானுஜன்கள் இல்லைதான். ஆனால் உதவி கிடைக்க ஒருவன் ராமானுஜனாக இருந்தே தீர வேண்டுமா?

நேற்று நண்பனும் நானும் மறுபடி அலுவலகத்துக்குப் போனோம். "அந்த ரூலைக் கொஞ்சம் காட்டுங்க சார், படித்துப் பார்க்கிறோம்" என்று கேட்டோம். கொஞ்சம் முறைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். நான்காவது பக்கத்தில், துறைத்தலைவர் பரிந்துரைத்தால் ஒரு முறை பரிசீலிக்கலாம் என்று இருக்கிறது. யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். துறைத்தலைவர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.