பச்சைத்துணி மேசையில் வேரா செல்பி

பில்லியர்ட்ஸ் என்றதும் புகை சூழ்ந்த மண்டபமும், மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டுக் கோலும் கையுமாகக் குனிந்து நிற்கும் ஆடவருமே பலருடைய மனக்கண்முன் தோன்றுவர். இவ்விளையாட்டு இலங்கையருக்கு அந்நியமானதன்று. 1973ஆம் ஆண்டில் பம்பாயிலே உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற எம். ஜே. எம். லாபிரின் பெயரை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பில்லியர்ட்ஸின் இளைய உடன்பிறப்பாகிய ஸ்னூக்கரோ இந்திய மண்ணிலேயே பிறந்தது. 1875இல் ஜபல்பூரிலிருந்த ஆங்கிலப் படையதிகாரி நெவில் சேம்பர்லேன் அதனை உருவாக்கினார் என்பர். அதன் விதிகள் உதகமண்டலத்துக் கழகத்திலே வரையறுக்கப்பட்டன. பிறந்த இடம் எதுவாயினும், படையதிகாரிகளின் பொழுதுபோக்காகத் தொடங்கிய அவ்வாட்டத்தில் மாதருக்கு இடமிருக்கவில்லை. அவ்விடத்தைக் கோலொன்றினாலேயே தேடிக்கொண்டவர் வேரா செல்பி.

1930ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இங்கிலாந்தின் வடபுலத்து யோர்க்ஷயரில், றிச்மண்ட் என்னும் ஊரிலே அவர் பிறந்தார். மாமனார் ஒருவரின் வீட்டு நிலவறையிலே பில்லியர்ட்ஸ் மேசையொன்று கிடந்தது. ஆறு வயதுச் சிறுமியாயிருந்தபோதே அம்மேசையருகில் அவருக்குப் பயிற்சி தொடங்கிற்று. மேசையின் நீளம் பன்னிரண்டடி, அகலம் ஆறடி. அதன் நடுப்பாகத்தை எட்டிப் பிடிப்பது வளர்ந்த ஆடவருக்கே எளிதன்று. ஆட்டக்காரரின் ஒரு பாதமாவது தரையிற் பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. நீண்ட பாவாடையணிந்த பெண்ணொருத்திக்கு இவ்விதி எத்துணை இடர் தந்திருக்கும் என்பதை விதியெழுதியோர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

செல்பிக்கு முன்னரும் இங்கிலாந்திலே திறமைமிக்க பெண்கள் இருந்தனர். 1930களில் ஜோய்ஸ் கார்ட்னர் பில்லியர்ட்ஸில் பெரும்புகழ் ஈட்டினார். தொழின்முறை ஸ்னூக்கரில் றூத் ஹரிசன் 1934 முதல் 1940 வரை ஆண்டு தவறாமலும், போர் ஓய்ந்தபின் 1948இலும், ஆக எட்டு முறை வெற்றி பெற்றார். ஆனால் 1950இல் தெல்மா கார்ப்பென்டர் வென்றதோடு அப்போட்டியே நின்றுபோயிற்று. மங்கையருக்கென எஞ்சியவை அமெச்சூர் போட்டிகளே. அவ்வாட்டத்திலே திறமை பெற்ற பெண் அதைக்கொண்டு வயிறு வளர்க்க இயலாது என்பதே இதன் பொருள்.

வேராவும் அதனால் வாழ முயலவில்லை. நியூகாசிலிலே பொலிடெக்னிக் கல்லூரியொன்றில் ஓவியம், நெசவுக்கலை ஆகிய துறைகளின் விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். பிறர் ஆட்டத்தைக் கைவிட எண்ணும் முப்பதுகளின் நடுவயதிலேதான் அவருக்கு முறையான ஆசான் வாய்த்தார். இங்கிலாந்தின் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் பெற்ற அல்ஃப் நோலன் என்பாரே அவர்.

அந்நாளில் நோலன் கற்பித்த கலை எத்தகையது என்பதைச் சிறிது நோக்குதல் தகும். பில்லியர்ட்ஸில் மூன்று பந்துகளே உண்டு. தன் பந்தினால் மற்றிரண்டையும் ஒருங்கே தொட்டால் இரண்டு புள்ளி. சிவப்புப் பந்தைப் பைக்குள் வீழ்த்தினால் மூன்று. சிவப்பில் மோதிய தன் பந்தே பைக்குள் வீழ்ந்தாலும் மூன்று. கேட்பதற்கு எளிதே. ஆனால் ஒவ்வொரு அடியின்பின்னும் மூன்று பந்துகளும் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்தவரே தொடர்ந்து புள்ளி குவிக்கலாம். இங்கே தோள்வலிக்கு வேலையில்லை. கையின் மென்மையும் கண்ணின் கணிப்புமே வேண்டும். உடல்வலி குறைந்தவர் என்று பெண்ணை விலக்கிவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற விளையாட்டைத் தேடிப்பிடிப்பது அரிது.

பயிற்சி விரைவிலே பலன் தந்தது. பிரித்தானியப் பெண்கள் பில்லியர்ட்ஸ் பட்டத்தை எட்டு முறையும் ஸ்னூக்கர் பட்டத்தை ஐந்து முறையும் செல்பி பெற்றார். இரண்டு ஆட்டங்களிலும் ஒருவரே தலைசிறந்து விளங்குதல் அருமை. பில்லியர்ட்ஸிலே பழகிய கை ஸ்னூக்கரில் தன் பந்தை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தும் என்பதற்கு அவருடைய ஆட்டம் சான்று.

1976ஆம் ஆண்டில் மிடில்ஸ்பரோ நகரிலே பெண்களுக்கான உலக ஸ்னூக்கர் போட்டி நடைபெற்றது. இறுதியாட்டத்திலே மியூரியல் ஹேசல்டீனை நான்குக்குச் சுழியம் என்னும் கணக்கில் வென்று செல்பி உலக வெற்றிவீராங்கனையானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. இத்தகைய வெற்றி ஆடவர் ஒருவருக்குக் கிட்டியிருந்தால் அடுத்த ஆண்டே பட்டத்தைக் காக்கும் வாய்ப்பும் கிட்டியிருக்கும். அவருக்கோ 1980 வரை மறுபோட்டி நடைபெறவேயில்லை. அவ்வாண்டின் வெற்றி ஆஸ்திரேலியரான லெஸ்லி மக்கில்றாத்துக்குச் சென்றது.

அவ்விடைக்காலத்திலே வெளியுலகில் நிலவிய நிலைமையை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1978இல் வேக்ஃபீல்ட் நகரத் தொழிலாளர் கழகமொன்று பெண்கள் ஸ்னூக்கர் ஆடுவதைத் தடைசெய்தது. அங்கே ஆடிவந்த ஷீலா கப்ஸ்டிக் அதனை எதிர்த்து, கோலெடுக்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டென்னும் பொருள்பட இயக்கமொன்றைத் தொடங்கினார். இங்கிலாந்திலே பெண்ணொருத்தி உலகப் பட்டம் பெற்று ஈராண்டு கழிந்தபின் நிகழ்ந்தது இது! அத்தகைய கழகங்களின் ஒன்றியம் பெண்களுக்குச் சம உரிமையளித்தது 2007ஆம் ஆண்டிலேதான்.

1981இல் செல்பி மீண்டும் களம் புகுந்தார். இறுதியாட்டத்தில் எதிர்நின்ற மாண்டி ஃபிஷர் அவருக்கு மகளாயிருக்கக்கூடிய இளம்பெண். மூன்றுக்குச் சுழியம் என்னும் கணக்கில் வென்று, ஐம்பத்தோராவது வயதிலே செல்பி இரண்டாம் முறை உலகப் பட்டத்தை ஏற்றார். தோல்வியுற்ற மாண்டி மனந்தளர்ந்தாரல்லர். பெண்கள் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சங்கத்தை அவ்வாண்டிலேயே நிறுவி, 1984இல் தாமும் உலகப் பட்டம் பெற்றார். நான்காண்டு காத்திருந்து ஒருமுறை ஆடும் அவலம் பின்வந்தோருக்கு நீங்கியதில் அச்சங்கத்துக்குப் பெரும்பங்குண்டு.

செல்பியின் தொண்டு கோலோடு முடியவில்லை. நடுவராவதற்குரிய தேர்விலும் தேறி, ஆடவரின் ஆட்டங்களுக்குத் தீர்ப்புக் கூறும் தகுதி பெற்றார். ஷெஃபீல்டில் நடைபெற்ற 1982ஆம் ஆண்டு உலகப் போட்டியின்போது பி.பி.சி.யில் நேர்முக வருணனை வழங்கினார். ஆடவர் குரலே கேட்டுப் பழகிய நேயர்களுக்கு அது புதுமையாயிருந்திருக்கும். முதுமையிலும் ஆட்டத்தை அவர் விட்டாரில்லை. அரசு எம்.பி.ஈ. விருதை அவருக்கு வழங்கியது 2016இல். முதல் உலக வெற்றிக்குப்பின் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2023ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், தம் தொண்ணூற்றுமூன்றாவது பிறந்தநாளன்று, வேரா செல்பி காலமானார்.