பிரேக் பெடல் கல்லாகும் கதை: மாக்டபர்க் குதிரைகள் முதல் கல்வராயன் மலை வரை

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை, ஆட்கள் என்று எல்லாமே பிக்கப் வண்டியில்தான் போகும். ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்கு! அந்த நேரத்தில் பெடல் திடீரென்று கல் மாதிரி இறுகிப் போனால்? அதைப் புரிந்துகொள்ள 350 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

காற்றுக்கும் எடை உண்டு

1643-ல் இத்தாலியின் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து, காற்று நம்மை அழுத்துகிறது என்று காட்டினார். 1657-ல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஓட்டோ வான் கெரிக் இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை. உள்ளே எதுவும் இழுத்துப் பிடிக்கவில்லை, வெளிக்காற்றுதான் அழுத்திப் பிடித்தது.

இந்தத் தத்துவத்தைப் பிரேக்குக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டெவாண்டர். அவர் முறையில் செய்த சர்வோ பிரேக்கை பாஷ் நிறுவனம் 1927-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய பூஸ்டர் அதன் வாரிசு. பெடலுக்கு முன்னால் ஒரு வட்டமான டப்பா, நடுவில் ரப்பர் டயாப்ரம். சும்மா இருக்கும்போது இரு பக்கமும் வெற்றிடம். பெடலை மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாப்ரத்தைத் தள்ளும். 9 அங்குல விட்டம் என்றால் பரப்பு சுமார் 410 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ அழுத்த வித்தியாசம் கிடைத்தாலே ஏறத்தாழ 280 கிலோ உதவி! இந்த உதவி நின்றுபோனால் மிஞ்சுவது டிரைவரின் கால் பலம் மட்டுமே. அதுதான் கல் பெடல்.

டீசலின் தனிப் பிரச்சினை

பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் மூடியிருக்கும்போது வெற்றிடம் தானாகவே உண்டாகும். 1897-ல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜின் வேறு விதம். காற்றை அடைக்காமல் உள்ளே விட்டு, எரிபொருளின் அளவை மாற்றித்தான் வேகம் கட்டுப்படும். அதனால் பூஸ்டருக்கு வெற்றிடம் தர டீசல் வண்டியில் தனியாக வேக்கம் பம்ப் தேவை. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும், இன்ஜின் ஆயிலில் ஓடும். ஆயில் சரியாக வராவிட்டால் பம்ப் தேயும்.

எங்கே கோளாறு?

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம். இறுகினால் முதல் சந்தேகம் வெற்றிடத்தின் மேல். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் செய்யும் சோதனைகள் இவை:

1. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ், செக் வால்வ், பூஸ்டர் இவற்றில் ஒன்று பழுது.

2. இன்ஜினை ஓட்டி அணைத்து, சில நிமிடம் கழித்து மிதித்தால் முதல் மிதி ஆழமாகப் போக வேண்டும். முதல் மிதியே இறுகினால் வெற்றிடம் எங்கோ கசிகிறது.

3. பூஸ்டருக்கு வரும் ஹோஸில் கேஜ் மாட்டிப் பார்த்தால் பம்ப்பின் யோக்கியதை தெரியும். வெற்றிடம் நன்றாக வந்தும் பெடல் இறங்காவிட்டால் பூஸ்டர்தான் குற்றவாளி. மிதிக்கும்போது காலடியில் 'உஸ்' சத்தம் தொடர்ந்து கேட்டால் டயாப்ரம் கிழிந்திருக்கலாம்.

வரிசையாகப் பார்க்காமல் மாஸ்டர் சிலிண்டரையும் லைனிங்கையும் மாற்றிவிட்டு, கடைசியில் ஹோஸில் இருந்த விரிசலைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

மலை சொல்லும் பாடம்

பெரிய கல்வராயன் பகுதி 4,000 அடி வரை உயர்கிறது. 3,000 அடி உயரத்திலேயே காற்றழுத்தம் சுமார் 10 சதவீதம் குறையும். பூஸ்டரின் பலமும் அதற்கேற்பக் குறையும்.

ஜாகிர்தார்களிடம் இருந்த இந்த மலையை அரசு 1976-ல்தான் எடுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். சாலை வசதி தாமதமாக வந்த ஊர்களுக்கு பிக்கப் வண்டிதான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி. அதில் டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்தால் பம்ப்பும் நின்றுவிடும். பிறகு பூஸ்டரில் இருப்பது வரவில்லாத வங்கிக் கணக்கு மாதிரி. இரண்டு மூன்று மிதியில் இருப்பு பூஜ்யம்!

இன்ஜின் ஓடட்டும், ஏறிய கியரிலேயே இறங்கட்டும். கெரிக்கின் குதிரைகளால் பிரிக்க முடியாத அதே காற்றுதான் அந்த இறக்கத்தில் டிரைவரின் காலுக்குத் துணை.