விட்டுப்போன எடை

தைப்பூசத்துக்குக் காவடிகள் புறப்படும் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனை இருக்கிறது. இப்போது அங்கே இருப்பது பிற்பாடு எழுந்த ஹோட்டல். அதற்கு முன் அதே இடத்தில் லியன் யாக் கட்டடம் என்று ஓர் ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. 1971இல் கட்டியது. அடியில் கார் நிறுத்துமிடம், தரைத்தளத்தில் வங்கி, அதன் மேல் நைட் கிளப், அதற்கும் மேலே ஹோட்டல் நியூ வோர்ல்ட்.

1986 மார்ச் 15, சனிக்கிழமை, காலை பதினொன்றரைக்குச் சற்று முன் அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அப்போது எம்.ஆர்.டி. சுரங்கப் பணிக்காகச் சிங்கப்பூர் வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்களும் இடிபாடுகளுக்குள் குடைந்து போய் உதவினார்கள். தேக்காவைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பூக்கடை, சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்றே முடிந்துவிடுகிறது. இந்தச் சம்பவத்தை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், வீட்டில் ஒரு சுவரை இடிக்கக் கணக்குப் போடும் எவருக்கும் இதில் நேரடியான பாடம் ஒன்று இருக்கிறது.

விழுந்ததும் எல்லோரும் வெளியில்தான் காரணம் தேடினார்கள். எரிவாயு வெடித்ததா? எம்.ஆர்.டி. சுரங்கம் தோண்டியதில் நிலம் அசைந்ததா? பிறகு பார்வை, பிற்பாடு சேர்த்தவற்றின் மேல் போனது. வங்கி வைத்த கனமான பெட்டகம், மொட்டை மாடியில் ஏற்றிய குளிர்சாதனக் கருவிகள், வெளிச்சுவரில் ஒட்டிய பீங்கான் ஓடுகள். விசாரணை ஆணையம் எல்லாவற்றையும் ஆராய்ந்தது. கூடுதல் எடை இருந்தது உண்மை, ஆனால் அடிப்படைக் காரணம் அதுவல்ல என்றது. வடிவமைப்புக் கணக்கில் ஆட்கள், சாமான்கள் ஆகியவற்றின் எடை இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை இல்லை. அந்தக் கட்டடம் தன்னையே தாங்க முடியாத கட்டடமாகத்தான் பிறந்திருக்கிறது.

பொறியாளர்கள் இந்த இரண்டையும் லைவ் லோட், டெட் லோட் என்பார்கள். லைவ் லோட் வரும், போகும்: மனிதர்கள், சோபா, அலமாரி. டெட் லோட் எங்கும் போகாது: தூண், உத்திரம், தளம், சுவர், பூச்சு. இரண்டாவது எவ்வளவு பெரியது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. 15 சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டர் மட்டும் 360 கிலோ. குடியிருப்புத் தளத்துக்கு லைவ் லோடாக வழக்கமாக எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை மட்டும் கூட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் 15 வருடம் எப்படி நின்றது? கட்டடக் கணக்கில் எப்போதும் கொஞ்சம் கூடுதல் பலம் பாதுகாப்புக்காக வைக்கப்படும். அந்தச் சேமிப்பைத் தின்றுதான் நின்றிருக்கிறது. முதலில் சில தூண்கள் தளர்ந்தன. அவற்றின் சுமை பக்கத்துத் தூண்களுக்கு மாறியது. அவையும் தாங்காதபோது எல்லாம் ஒன்றாகப் போனது. "இத்தனை வருஷமா நிக்குதே, ஒண்ணும் ஆகாது" என்று நாம் சொல்லும் வாக்கியம் எவ்வளவு பலவீனமானது என்று அந்த 15 வருடமே காட்டுகிறது.

கட்டமைப்பு வரைபடத்தைப் போட்டவர் தகுதிபெற்ற பொறியாளர் அல்ல, ஒரு வரைவாளர் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. சரியான ஆளும் இல்லை, தவறைப் பிடிக்க இரண்டாவது கண்ணும் இல்லை. 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த இரண்டாவது கண்ணைக் கட்டாயமாக்கியது. பெரிய கட்டமைப்புகளுக்குப் பொறியாளர் போட்ட கணக்கை, அந்தத் திட்டத்தோடு ஒட்டுறவு இல்லாத அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புச் சோதனையும் வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வீவக வீட்டில் தூண், உத்திரம், தளம், கான்கிரீட் சுவர் எதிலும் கை வைக்கக் கூடாது, மற்ற சுவரை இடிக்கவும் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு: தரை ஓடும் அதன் அடியில் போடும் சிமெண்ட் பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. "பழைய ஓட்டை ஒடைக்க வேணாம்ணே, மேலேயே ஒட்டிடலாம், காசு மிச்சம்" என்று காண்டிராக்டர் சொல்லும்போது இந்த எண் நினைவுக்கு வர வேண்டும். 50 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்குக் குறையாது. 90 சதுர மீட்டர் வீட்டில் 9 டன், அதாவது ஆறேழு கார்களின் எடை. இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓவன் ரோடு முனைதான் ஞாபகம் வரும்.

தரைவீடு, கடைவீடு என்றால் விஷயம் இன்னும் பெரிது. தேக்காவின் கடைவீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான செங்கல் சுவரின் மேல்தான் மர உத்திரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நம் பக்கம் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் தளமும் அதைக் கேட்கும். 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமான பிறகு, இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியும் தேவை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று செலவுக்குப் பயப்படும் ஊர் நம்முடையது. ஊரில் வீடு கட்டும்போது மேஸ்திரிதான் எல்லாம். என்ஜினியர் என்பவர் பிளான் அப்ரூவலுக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் வருகிறது. நான் பார்த்த ரினவேஷன் பட்ஜெட்டுகளில் விளக்குக்கும் அடுக்களைக் கல்லுக்கும் தனித்தனி வரி உண்டு. கட்டமைப்புப் பொறியாளருக்கு வரியே இருக்காது. கேட்டால், "அது காண்டிராக்டர் பாத்துப்பார்."

அங்கேதான் வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். சுவர், தளம், கூரை எதையாவது தொடுவதாக இருந்தால், காண்டிராக்டரிடம் விலை கேட்பதற்கு முன்பே பொறியாளரை அழைக்க வேண்டும். அவர் பெயர் பொறியாளர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று யாரும் தேடிப் பார்க்கலாம். அவருக்கான செலவையும் ஒரே தொகையாக வைக்காமல் பிரித்துக் கேட்க வேண்டும்: முதல் பார்வைக்கும் அறிக்கைக்கும் எவ்வளவு, பழைய கட்டமைப்பு வரைபடங்களை வாங்க எவ்வளவு, கணக்குக்கும் வரைபடத்துக்கும் எவ்வளவு, கட்டட, கட்டுமான ஆணையத்துக்கு விண்ணப்பிக்க எவ்வளவு, வேலை நடக்கும்போது வந்து பார்க்கவும் இறுதிச் சான்றுக்கும் எவ்வளவு. மேற்பார்வையை விலைப்பட்டியலில் விட்டுவிட்டு, பிறகு தனியாகக் கேட்கும் இடத்தில்தான் பட்ஜெட் உடைகிறது. சுவரைத் திறந்த பிறகு கூடுதலாக ஓர் இரும்பு உத்திரம் தேவைப்படலாம், அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

முக்கியமாக, அவருக்குச் சம்பளம் கொடுப்பது வீட்டுக்காரராக இருக்க வேண்டும். காண்டிராக்டர் பணம் கொடுக்கும் பொறியாளருக்கு "இந்தச் சுவரைத் தொடாதே" என்று சொல்வது எளிதல்ல.

இதையெல்லாம் சொன்னால், "ஒரு சுவருக்கு இவ்ளோவா?" என்கிறார்கள். அந்தச் சுவரை இடிக்க இயந்திரத்தைப் பிடித்து அதன் அடியில் நிற்கப் போகிறவர் பெரும்பாலும் புதுக்கோட்டையிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஒரு தம்பி. அது எந்தச் சுமையைத் தாங்குகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொறியாளருக்கான அந்த ஒரு வரி முதலில் அவருக்காக.