காரீயத்தின் ஒற்றை ஏடு

காரீயம் இலங்கையருக்குப் புதிய பொருளன்று. போகலையிலும் கஹட்டகஹாவிலும் தோண்டப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கப்பலேறிவரும் பொருள் அது. காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய ஏடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே காரீயம். அவற்றுள் ஓர் ஏட்டை மட்டும் தனியே பிரித்து ஆராய முடியுமா?

முடியாது என்பதே நெடுங்காலக் கருத்தாக இருந்தது. ஓரணுத் தடிப்புள்ள பளிங்கு வெப்ப அதிர்வாற் குலைந்துவிடும் என லண்டாவும் பெயர்ல்ஸும் 1930களில் வாதிட்டனர். 1947இல் கனடாவிலிருந்த பிலிப் வொலஸ், அத்தகைய ஏட்டில் இலத்திரன்கள் இயங்கும் விதத்தைக் கணித்தார். அதுவும் காரீயத்தை விளங்கிக்கொள்வதற்கான கணிதப் படியாகவே கொள்ளப்பட்டது. 1962இல் ஜேர்மனியரான பேம் மிக மெல்லிய காபன் படலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டார். எனினும் அவற்றின் மின்னியல்பை எவரும் அளக்கவில்லை.

மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கைமும் கொன்ஸ்தாந்தின் நொவொசெலொவும் கையாண்ட கருவி வெறும் ஒட்டுநாடா. காரீயத்தின் மேற்பரப்பைத் துப்புரவாக்கப் பயன்படுத்திவிட்டுக் குப்பையில் எறியும் நாடாவில் மெல்லிய ஏடுகள் ஒட்டியிருந்தன. அவற்றை மீண்டும் மீண்டும் உரித்து, ஒட்சைட்டுப் பூச்சுள்ள சிலிக்கன் தகட்டில் அழுத்தினர். அத்தகட்டின் மீது, சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே ஒற்றை ஏடு நிறவேறுபாட்டாற் புலப்பட்டது. தகட்டின் தாங்கலில் அது குலையாமல் நின்றது. மின்னழுத்தத்தை மாற்றியதும் அதன் கடத்துதிறனும் மாறியது.

அவர்களின் கட்டுரையை 'நேச்சர்' சஞ்சிகை ஏற்கவில்லை. 2004 ஒக்டோபரில் 'சயன்ஸ்' வெளியிட்டது. 2010இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்குவது ஒன்று, ஆள்வது வேறொன்று. இரு ஏடுகளை ஏறத்தாழ 1.1 பாகை திருகி அடுக்கினால் இலத்திரன்களின் வேகம் மிகக் குறையும் என 2011இல் பிஸ்ட்ரிட்சரும் மக்டொனால்டும் கணித்தனர். 2018இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பப்லோ ஹரீயோ-ஹெரேரோவின் குழு அதனைச் செய்துகாட்டியது. மின்னழுத்தத்தால் இலத்திரன்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும், அதே துண்டை ஒருகால் காவலியாகவும் ஒருகால் மீகடத்தியாகவும் மாற்றினர். மீகடத்தல் தோன்றியது மறை 271 பாகை செல்சியசை அண்டிய கடுங்குளிரில். ஆகவே நடைமுறைப் பயன் இன்னும் தொலைவிலேயே உள்ளது.

அந்த ஆய்வை வெளியிட்டது 'நேச்சர்' சஞ்சிகைதான். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் உழன்ற எனக்கு இவ்வரலாற்றில் மனத்தில் நிற்பது இச்செய்தியே. எதை வெளியிடுவது என்பதை ஆசிரியபீடம் தீர்மானிக்கலாம். எது உண்மை என்பதை அது தீர்மானிப்பதில்லை. மன்செஸ்டர்க்காரர் முதல் மறுப்போடு நின்றிருந்தால், அந்நாடா குப்பைக்கே போயிருக்கும்.