வெறுங்கூட்டை அளந்த வரலாறு

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. நிலத்தை அளக்கக் கோல் உண்டு. வளர்ந்த பிள்ளை பெட்டியுடன் படியிறங்கிச் சென்றபின் பெற்றோர் உள்ளத்தில் எஞ்சுவதை எதனால் அளப்பது? அமெரிக்க அறிஞர்கள் அதனை அளக்க முயன்ற வரலாறு ஆசிரியர்களாகிய நாம் அறியத்தக்கது.

பிள்ளைகள் பிரிந்த இல்லத்தை ஆங்கிலத்தார் 'வெறுங்கூடு' என உருவகித்தனர். அக்கூட்டில் தாய் துயரில் ஆழ்வாள் என்பதே நெடுநாளைய நம்பிக்கை. சமூகவியல் அறிஞர் பாலின் பார்ட், மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பெற்ற நடுவயதுப் பெண்களை ஆராய்ந்து, 1970களின் தொடக்கத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். பிள்ளைகளே வாழ்வென இருந்த தாய்மாரைப் பிரிவு பெரிதும் வாட்டியதை அவர் கண்டார். அவர் கண்டது பொய்யன்று. ஆயினும் மருத்துவமனையில் நின்று எண்ணுவோர், அங்கு வாராதோரை எண்ண இயலாதன்றோ?

1975இல் நார்வல் கிளென் வேறு வழி கண்டார். நாடு தழுவிய ஆறு கருத்தாய்வுகளை அவர் ஒப்பிட்டார். பிள்ளைகள் பிரிந்த நடுவயதுத் தாய்மார், பிள்ளைகளுடன் வாழ்ந்தோரைவிடப் பொதுவாக மிகுந்த மகிழ்ச்சி தெரிவித்திருந்தனர்.

1977இல் லெனோர் ராட்லாஃப் 20 வினாக்கள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலை வெளியிட்டார். சென்ற ஒரு வாரத்தில் உறக்கம், பசி, தனிமை, அழுகை முதலியன எவ்வாறிருந்தன என அது வினவும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 60. பிள்ளைகள் பிரிந்த பெற்றோர்க்கே சோர்வு குறைவு என 1980இல் அவர் எழுதினார்.

2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அதே பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்தது. பிள்ளைகள் சென்றபின் மணவாழ்வின் நிறைவு உயர்ந்திருந்தது. கணவனுடன் கழித்த நேரம் கூடியதால் அன்று, அந்நேரம் இனித்ததால்.

எனினும், சராசரிக் கணக்கு எவ்வீட்டுக் கண்ணீரையும் துடைப்பதில்லை. தேர்ச்சி பெற்ற மகனைத் தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் தாயைப் பள்ளியில் நாம் காண்கிறோம். "எல்லாம் பழகிவிடும்" எனக் கூறி அனுப்பிவிடுதல் எளிது. பார்ட் கண்ட தாய்மாரை அவ்வேளையில் நினைத்தல் வேண்டும். மகனுக்கு விண்ணப்பப் படிவம் தரும் நாம், "இனி உங்கள் பொழுது எப்படிம்மா போகும்?" என அத்தாயையும் ஒரு சொல் கேட்போம். எந்த அளவுகோலுக்கும் முதல் வினா அதுவே.