உறுதியின் படித்தரங்கள்

அறிவின் உறுதிக்குப் படித்தரங்கள் உண்டென்பதை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துரைத்தனர். ஐயத்துக்கு இடமற்றது யகீன். ஒரு பக்கம் மேலோங்கி நிற்பது ளன்னு. இரு பக்கமும் சமமாக நிற்பது ஷக்கு. நலிந்த பக்கம் வஹ்மு. தடய அறிவியல் வல்லுநர் நீதிமன்றத்தில் கூறும் கருத்தையும் இவ்வளவைகளைக் கொண்டு நாம் நிறுத்துப் பார்க்கலாம்.

1952 ஆகஸ்டில், போட் மெயில் இரயிலில் வந்த பெட்டியொன்றில் தலையற்ற ஓர் உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. திருப்பூரிலுள்ள நம் ராயபுரத்தின் பெயரையே கொண்ட சென்னை ராயபுரத்துக் கடற்கரையில் தலை கிடைத்தது. இதுவே ஆளவந்தார் கொலை வழக்கு. காதுத் துளைகள் பலருக்கும் உண்டு. அவை தரும் உறுதி சிறிதே. பல்லமைப்பு அதனினும் வலியது. தலையும் உடலும் ஒருவருடையவையே என மருத்துவர்கள் கண்டனர். இராணுவப் பதிவேட்டிலிருந்த ஆளவந்தாரின் கைரேகையும் ஒத்தது. தனித்தனிச் சான்றுகள் ஒன்றுகூடியே ளன்னை யகீனுக்கு அருகே உயர்த்தின.

இதற்கு மாறானது 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சி. மாட்ரிட் இரயில் குண்டுவெடிப்பை ஆய்ந்த அமெரிக்க எஃப்.பி.ஐ. வல்லுநர்கள், ஒரு பையில் பதிந்திருந்த ரேகை ஒரிகன் மாநில முஸ்லிம் வழக்கறிஞர் ஒருவருடையதே என நூறு விழுக்காடு உறுதி கூறினர். ஸ்பானியக் காவல்துறை ஐயம் தெரிவித்த பின்னரும் அவர் சிறைப்பட்டார். அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது எனத் தெரிந்ததும் விடுவிக்கப்பட்டார். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கோரியது. அவரது மார்க்கம் முதற் பிழைக்குக் காரணமன்று. எனினும் ஐயம் எழுந்த பின் தக்கவாறு மறுஆய்வு செய்யாமைக்கு அதுவும் துணைபோயிருக்கக்கூடும் என 2006இல் வெளியான அரசு ஆய்வறிக்கை கூறிற்று.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் வல்லுநர் கூற்றைக் 'கருத்து' என்றே கொள்கின்றன. தீர்ப்பு நீதிபதிக்கு உரியது. ஆதலின், 'ஒத்திருக்கிறது' என்பது 'அவருடையதே' என்பதாகாது. 'விலக்குவதற்கில்லை' என்பது 'நிறுவப்பட்டது' என்பதாகாது. எந்தப் படியில் நின்று பேசுகிறார் என்பதையும், அதற்கான காரணத்தையும் வல்லுநர் விளங்க உரைத்தல் வேண்டும்.

ஷக்கினால் யகீன் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. மனிதன் குற்றமற்றவன் என்பதே மூலநிலை. ஷக்குக்கு யகீனின் ஆடையை அணிவித்து அந்நிலையைப் பறிப்பது அநீதியன்றி வேறென்ன?