கங்காணியும் துரையும்: மாத்தளைத் தோட்டங்களில் நிர்வாகம் உருவான கதை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில், அலுவிகாரையைக் கடந்து வடக்கே இருக்கிறது பலாபத்வல. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தார்கள். தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு வந்த அந்த வடக்குப் பாதை இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் சென்றது. பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். வந்தவர்கள் தனித்தனி ஆட்களாக வரவில்லை. ஆள் சேர்த்து வேலையை மேற்பார்க்கும் ஒரு கங்காணியின் பின்னால் அவருடைய உறவினரும் ஊராரும் கூட்டமாக வந்தார்கள். இலங்கைப் பெருந்தோட்ட நிர்வாகத்தின் அடிப்படை இந்தக் கூட்டத்தின் அமைப்பில்தான் இருக்கிறது.

தோட்டங்களைச் சுற்றிலும் கண்டிச் சிங்களக் கிராமங்கள் இருக்க, கடல் கடந்து ஆள் தேட வேண்டி வந்தது ஏன்? கிராமத்தவர் சோம்பேறிகள் என்று தோட்ட முதலாளிகள் எழுதி வைத்தார்கள். அது உண்மையல்ல. காடு வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தவர்களும், மாட்டுவண்டியில் கோப்பி மூட்டை ஏற்றிச் சென்றவர்களும் சிங்களவர்களே. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு வயலும், காடெரித்துப் பயிரிடும் சேனையும் இருந்தன. ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி, பின்னர் அந்த உழைப்பைத் திருப்பிப் பெறும் அத்தம் என்ற முறையும் இருந்தது. அப்படி வாழ்ந்தவர்கள் ஆண்டு முழுவதும் இன்னொருவரின் ஆணைக்குக் கட்டுப்பட்டுச் சொற்பக் கூலிக்கு நிற்க மறுத்ததில் வியப்பில்லை.

ஆகவே தோட்ட நிர்வாகம் தமிழகக் கிராமத்தின் பக்கம் திரும்பியது. கங்காணிக்கு முன்பணம் கொடுக்கப்பட்டது. அவர் ஊருக்குப் போய் வழிச்செலவுக்கும் பழைய கடனைத் தீர்க்கவும் அதைப் பங்கிட்டு ஆள் சேர்த்தார். அந்தப் பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அதனால் ஒருவர் நோயென்று வரிசைக் குடியிருப்பான லயத்தில் படுத்தாலும் கங்காணிக்கு நட்டம். உறவினர், கடன் கொடுத்தவர், மேற்பார்வையாளர், வழக்குத் தீர்ப்பவர் ஆகிய நால்வரும் ஒரே ஆளாக இருந்ததே இந்த முறையின் பலம். பெரிய கங்காணிகளில் பலர் நிலவுடைமைச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். தொழிலாளரில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். லய அறைகள்கூடச் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன. கிராமத்துப் படிநிலையை நிர்வாகம் தடுக்கவில்லை. தனக்குப் பயன்பட்டதால் அதைக் காத்தது.

கடன் எவ்வளவு ஆழமாக இந்த அமைப்புக்குள் போயிற்று என்பதற்குத் துண்டு முறையே சான்று. இவ்வளவு பணம் செலுத்தினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்தை நிர்வகிக்கும் துரை துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். வேறொரு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி எல்லோரையும் பெற்றுக்கொள்வார். பணம் கைமாறும்போது கடனும் தொழிலாளியோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தது.

மறுபக்கம் துரைமாருக்கும் ஒரு மரபு இருந்தது. 1840களில் கோப்பிக்காகக் காணி வாங்கியவர்களில் படை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் அதிகம். படைமுகாமின் ஒழுங்கு தோட்டத்திலும் புகுந்தது. பெரிய துரை, சின்ன துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிகள் அமைந்தன. விடியற்காலையில் தப்பு அடித்து எழுப்பி, பிரட்டுக்களத்தில் நிறுத்தி, பேர் சரிபார்த்து வேலை பிரித்தார்கள். புதிதாக வரும் சின்ன துரைமார் தமிழ் கற்பதற்கென்று வெளியான கையேடு ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. துரை எதிரே வந்தால் குடையை மடக்கி ஒதுங்கி நிற்க வேண்டும். குறையைக் கங்காணி வழியாகத்தான் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மாலையும் முதல் மரியாதையும் துரைக்கே. ஊரில் மிராசுதாருக்குச் செய்த மரியாதை இங்கே நிர்வாகிக்கு மாறியது.

இந்தப் பணிவைப் பண்பாட்டின் விளைவாக மட்டும் பார்ப்பது எளிது. டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், பல நாடுகளிலிருந்த ஐ.பி.எம். ஊழியர்களிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். மேலாளருக்கும் ஊழியருக்கும் இடையிலான அதிகார இடைவெளி நாட்டுக்கு நாடு வேறுபடுவதை அது பண்பாட்டோடு இணைத்தது. மாத்தளைத் தோட்டங்களின் வரலாறு இதில் ஒரு திருத்தத்தைக் கோருகிறது. பணிவு ஊரிலிருந்து மட்டும் வந்ததன்று. கடனாலும் தலைக்காசாலும் லயத்தின் அமைப்பாலும் அது நாள்தோறும் புதிதாக உண்டாக்கப்பட்டது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் மாத்தளையில் தேயிலையோடு கொக்கோவும் ரப்பரும் பரவின. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆட்கள் அதிகம் தேவை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவை. வந்து போனவர்கள் குடும்பமாகத் தங்கிவிட, கங்காணியின் பிடி தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிலாளி கங்காணியைத் தாண்டிப் பேச முடியும் என்ற எண்ணத்தைப் பரப்பியது அவருடைய பெரும் பணி. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. ஆனாலும் பழைய அச்சு முற்றிலும் உடையவில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் துரையிடம் பேசுபவராகவும் லயத்துச் சண்டையைத் தீர்ப்பவராகவும் பெரிய கங்காணியின் இடத்தில் அமர்ந்தார். காங்கிரசின் முதன்மைத் தலைவராக வளர்ந்த சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தையும் கங்காணியாக இருந்து தோட்ட உரிமையாளரானவர்.

1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரையின் பங்களாவில் சிங்களத் துரை குடியேறினார். பிரட்டும் செக்ரோல் என்ற பேர்ப்பதிவேடும் அப்படியே இருந்தன. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டபோதும் அவை மாறவில்லை.

மாறாததில் முக்கியமானது ஆண் பெண் வேறுபாடு. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல்தான். அதற்குப் பிறகும் மலையில் கங்காணியாக நிற்பவரும், தராசில் கொழுந்தை நிறுப்பவரும், சங்கத்தில் தோட்டத் தலைவராக இருப்பவரும் பெரும்பாலும் ஆண்களே.